ரேடார் ஜாமரும் சுண்ணாம்புப் புள்ளியும்

போன வாரம்கூட ஒருவர் போன் செய்து கேட்டார். காருக்கு ரேடார் ஜாமர் என்று ஒன்று விற்கிறார்களாமே, வாங்கலாமா, நீங்கள் வைத்திருந்தீர்களாமே என்று. என் நம்பரை யார் கொடுத்தார்களோ தெரியவில்லை. மரக்காணத்தில் அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிய ஒரே ஆள் நான்தான் என்பதால் கேள்வி எப்படியோ என்னிடமே வந்து சேர்கிறது. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். எனக்கு ஒரே வார்த்தையில் பேசிப் பழக்கமில்லை. அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது எல்லாம் நேற்று நடந்தது போல இருந்தது.

கார் என் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் துபாயில் வேலை செய்கிறார். ஒரு தடவை லீவில் வந்தபோது, பழைய கார் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது என்று வாங்கினார். நான்கு நாள் ஓட்டினார். பிறகு தார்பாய் போட்டு மூடிவிட்டு விமானம் ஏறிவிட்டார். எங்கள் ஊரில் எதையும் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது. உப்பளத்துக் காற்று இரும்பென்றால் விடாது. ஜன்னல் கம்பியை வருடத்துக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. காரை யார் காப்பாற்றுவது? ஆறு மாதம் கழித்துத் தார்பாயைத் தூக்கிப் பார்த்தால் கதவின் அடியில் செதில் செதிலாகத் துரு. பஸ் நிலையத்தருகே கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து காட்டினேன். ஓட்டுங்கள், இல்லையென்றால் விற்றுவிடுங்கள், பாய் அடுத்த லீவுக்கு வரும்போது தார்பாய்தான் மிச்சம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றேன் என்று சொன்னால் பொய். துரு பிடிக்காமல் இருக்கக் கற்றேன். ஆசை பிறகு வந்தது.

எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. என் மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஓட்டிக்கோ. நான் தடுக்கல. ஆனா உன் ஓட்டலால ஒரு போலீஸ் காயிதம் வந்துச்சுன்னா, அன்னிக்கே சாவி என் கைக்கு வந்துடணும். அப்புறம் அது என் பீரோவை விட்டு வெளிய வராது" என்றார். சரி மாமி என்றேன். நான் எங்கே போலீஸிடம் மாட்டப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு.

திண்டிவனத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன். ஆனால் கை பழகியது உப்பளத்துக்குள் லாரி போகும் மண் கரையில். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கரை. அங்கே ஓட்டிப் பழகியவளுக்கு வேறு எந்த ரோடும் ரோடாகவே தெரியாது. முதல் முதலாகத் தனியாகப் பெருமுக்கல் வரைக்கும் போனேன். மலைக்கடியில் காரை நிறுத்திவிட்டு, இறங்கி, காரையே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். நான்தான் இதை இங்கே கொண்டுவந்தேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. நான் ஆரோவிலில் ஒரு தையல் யூனிட்டில் துணி வெட்டும் பிரிவில் இருக்கிறேன். அதுவரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தவள். காலையில் ஊரைத் தாண்டி அந்த நீளமான ரோட்டில் ஆக்சிலரேட்டரில் கால் லேசாக அழுந்தும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. முப்பத்தெட்டு வயது வரைக்கும் யாரோ ஓட்டிய வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போது கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எல்லாம் இன்னொருத்தர் கையில். இப்போது அது என் கையில். வேகம் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

அடுத்த லீவில் அவர் வந்திருந்தபோது ஒரே வாரத்தில் இரண்டு சலான். இரண்டும் அதிக வேகம், இரண்டும் நான் ஓட்டியபோது. அவர் கூடத்தில் அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, அடுப்படியில் இருந்த எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் அதைப் பார்த்தேன். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன். சாவி போச்சு என்றுதான் முதலில் தோன்றியது. அபராதமெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் நல்ல மனுஷர். சத்தமில்லாமல் கட்டிவிட்டார், அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் இன்னொன்று வந்தால் என்னால் மறைக்க முடியாது, லைசென்ஸுக்கே ஆபத்து வரும் என்று அன்றைக்கு ராத்திரி கண்டிப்பாகச் சொன்னார். லீவு முடிந்தது. விமான நிலையத்தில், எப்போதும் செய்வது போல ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துக்கொண்டு, துபாய் சிம்மைப் போட்டுக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் துபாயிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். கம்பளி, பால் பவுடர், குழந்தைகளுக்குச் சாக்லேட், அவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளங்கை அகலம், நல்ல கனம். கூடவே ஒரு காகிதத்தில் கார் படமும், அதிலிருந்து அலை அலையாகக் கோடு போவது போலவும், எதிரே போலீஸ்காரர் கையில் இருக்கும் வேகம் அளக்கும் துப்பாக்கியில் பெருக்கல் குறியும் போட்டிருந்தது. வீடியோ காலில் என் வீட்டுக்காரருக்கு என்னைவிட உற்சாகம். ரேடார் ஜாமர் என்று பேராம். நம் கார் எவ்வளவு வேகத்தில் போனாலும் அவர்கள் கருவியில் எண் விழாதாம். அங்கேயே இதை விற்கக் கூடாதாம், கடைக்காரன் மேசைக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தானாம். மேசைக்குக் கீழேயிருந்து எடுத்தான் என்றதும் எனக்கு அதன் மேல் மரியாதை கூடிவிட்டது. வேலை செய்யாத பொருளை எதற்கு ஒளித்து வைத்து விற்கப் போகிறான்?

எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "இது ரேடாருக்குன்னு போட்டிருக்குதுங்க. நம்ம ரோட்டுல அவங்க கையில வெச்சிருக்கிறது நெறைய லேசர். கம்பத்து மேல இருக்கிறது கேமரா. மூணும் வேற வேற சமாச்சாரம். போதாக்குறைக்கு இத மாட்டுறதே தப்பு, புடிச்சா தனி கேஸு." நான் என்ன பதில் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. உங்கள் வேலை மாட்டுவது, ஆராய்ச்சி செய்வது இல்லை என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு டாஷ்போர்டில் இரண்டு ஸ்குரூ போட்டு மாட்டி, ஒயரை இழுத்துக் கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

மறுநாளே சோதனை வந்தது. வேலை முடிந்து திரும்பும்போது கீழ்புத்துப்பட்டுத் தாண்டி, மர நிழலில் போலீஸ் வண்டி நிற்கிறது. ஒருவர் முக்காலி மேல் கருவியை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு நாளாக இருந்தால் பிரேக்கை மிதித்திருப்பேன். அன்று மிதிக்கவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தேன், பிஸ்மில்லா சொன்னேன், காலை அப்படியே வைத்திருந்தேன். அவரைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் கை தூக்கவில்லை, விசில் இல்லை, ஒருவரும் துரத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே இருமல் வந்துவிட்டது. வீட்டுக்கு வருவதற்குள் என் வீட்டுக்காரருக்கு மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டேன், வண்டியை ஓரமாக நிறுத்தித்தான்.

அடுத்த நாள் போனில் சலான் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம், ஒரு மாதம், ஒன்றுமே இல்லை. இனி எனக்கு யார் என்ன சொன்னாலும் ஏறாது என்ற நிலைக்குப் போய்விட்டேன். எலக்ட்ரீஷியன் கடை வழியாகப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே மெதுவாகப் போய், கண்ணாடியை இறக்கி, இன்றைக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் பாவம், சிரித்துக்கொண்டே கை காட்டுவார். பாண்டிச்சேரியில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு துணிக்கடை இருக்கிறது. அதன் வாசலில் காரை நிறுத்தினால் மட்டும் பெட்டி சிவப்பாகி கீச்சென்று கத்தும். துணிக்கடைக்குள் போலீஸ் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறது பாருங்கள் என்று கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அவர்களும் கடைக்குள் போய்த் தேடினார்கள்.

மாமியாருக்கு மட்டும் அது என்னவென்று தெரியாது. ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை வழக்கம்போலக் கதவில் துடைத்துக்கொண்டே, அது என்ன பச்சையாக என்று கேட்டார். காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் மாமி என்றேன். அவர் பெட்டிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்து, பரவாயில்லையே என்றார்.

அன்றைக்கு நாங்கள் பாண்டிச்சேரியில் அவர் தங்கை பேத்தி நிக்காஹ்வுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிளம்பவே நேரமாகிவிட்டது. முன்னால் ஒரு பஸ் எங்களை விடாமல் அடைத்துக்கொண்டு போனது. மாமியார் டாஷ்போர்டில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து, "என்னா உருட்டுற? தாண்டும்மா அவன" என்றார். தாண்டினேன். அதுக்கு முன்னால போறானே, அவனையும் என்றார். அவனையும் தாண்டினேன். நிக்காஹ் ஓதுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். இறங்கும்போது அவர் முக்காடெல்லாம் கலைந்து, கன்னம் சிவந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேல் முதல் தடவையாக உண்மையான பிரியம் வந்தது.

இப்படியே ஒரு வருடம் ஓடியது. என் வீட்டுக்காரர் அடுத்த லீவுக்கு வருகிற நாள் வந்தது. முந்தின நாள் பாண்டிச்சேரிக்குப் போய் அவருக்குப் பிடித்த பேக்கரி பிஸ்கட், பிள்ளைகளுக்கு உடுப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு பறந்து வந்தேன். மறுநாள் சென்னை விமான நிலையத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் வீடே கிளம்பிப் போகும். சாமானுக்கு இடம் வேண்டும் என்று பிள்ளைகளை விட்டுவிட்டு நானும் மாமியாரும் மட்டும் போனோம். அவர் வெளியே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு, முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் ஓட்டலை அவர் முழுசாகப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்குக் காட்டுகிறேன் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

கார் சென்னையைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் அவர் பர்ஸைத் திறந்தார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஊர் சிம்மை எடுத்துப் போனில் போட்டார். கொஞ்ச நேரத்தில் டிங் என்றது. படித்தார். பிறகு எதையோ அழுத்தினார், மறுபடி டிங். ஓடிபி என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு எண்ணைத் தட்டினார். அதற்குப் பிறகு அவர் பேச்சு நின்றுவிட்டது. மாமல்லபுரம் போனது, கல்பாக்கம் போனது, நான் கேட்ட எதற்கும் உம் என்பதோடு சரி. பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாமியார், பயண அலுப்பு, சும்மா விடு என்றார். எனக்கு மனது கேட்கவில்லை. என்னவென்று சொல்லுங்கள் என்று நச்சரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார். அதோடு என் பொறுமை போய்விட்டது. மரக்காணம் வருவதற்கு முன்னால், உப்பளம் தொடங்கும் இடத்தில், குவித்து வைத்திருந்த உப்புக்குப் பக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தேன்.

அவர் போனை என் பக்கம் திருப்பினார். எங்கள் கார் நம்பர் போட்டு, அடுத்தடுத்து ஏழு வரி. ஏழும் அதிக வேகம். மேலே முதலில் இருந்தது நேற்றைய பாண்டிச்சேரிப் பயணம். அடியில் கடைசியாக, கீழ்புத்துப்பட்டு. நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி இருமிய அதே நாள்.

தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. வண்டி அவர் பெயரில் இருக்கிறது, அவர் ஊர் நம்பரில் பதிந்திருக்கிறது. போன லீவில் வந்த இரண்டும் அந்த நம்பருக்குத்தான் வந்தன. அவர்தான் எனக்கு அனுப்பினார். என் போனில் பார்த்ததால் என் போனுக்கு வந்ததாகவே நான் நினைத்துக்கொண்டேன். அந்த சிம்மோ வருடம் முழுக்கத் துபாயில் அவர் பர்ஸுக்குள் மடித்துக் கிடந்தது. சலான் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, திறக்க ஆள் இல்லை. அந்த நம்பர் செத்துவிடக் கூடாது, பேங்க் வேலைக்கு வேண்டும் என்று மாதாமாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்தது யார் என்றால், நான்தான். ஒரு வருடமாகப் பச்சை விளக்கைப் பார்த்து நான் போட்ட ஆட்டமெல்லாம் கண் முன்னால் வந்தது. சலான் எதுவும் வரவில்லை என்று நீ சொன்னாய், நானும் அப்படியே நம்பிவிட்டேன் என்றார் அவர். அவர் மேல் எரிந்து விழ வாயைத் திறந்தேன். விழுவதற்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை.

"என்னா அது? போலீஸ் காயிதமா?" என்றார் பின்னாலிருந்து மாமியார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காகிதம் வரவில்லை, போனில்தான் வந்திருக்கிறது என்று வாதாடியிருக்கலாம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்று சொன்னார். ஒரு வருடம் ஒரு பெட்டியை நம்பி ஏமாந்தது போதும் என்று தோன்றியது. "ஆமாம் மாமி. ஏழு வந்திருக்குது" என்றேன்.

மாமியார் போனை வாங்கிப் பார்த்தார். மகன் ஒரு சலானில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கம்பத்திலிருந்து கேமரா எடுத்த படம். கண்ணாடி வழியாக நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் டாஷ்போர்டில் கையை ஊன்றி, முக்காடு பறக்க, வாயை அகலத் திறந்து யாரையோ தாண்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார் ஒரு பெரியம்மா. மாமியார் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இது நான் இல்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். கையை நீட்டினார். "சாவி."

கொடுத்தேன். சாவியில் கோத்திருந்த சின்னத் தோல் செருப்பு பொம்மை அவர் கைக்குள் மறைந்தது. அழவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கண்ணீர் தானாக வந்தது. நாளைக் காலை பஸ் நிலையத்தில் நிற்பது, யாராவது கூட்டிப் போவார்களா என்று கேட்டு நிற்பது எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. இறங்கிப் பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். மாமியார் சாவியை மகனிடம் கொடுத்து, நீ ஓட்டுடா, வீட்டுக்குப் போனதும் என்னிடம் கொடுத்துவிடு என்றார்.

எனக்காகப் பெட்டியை நகர்த்தி வைக்க இறங்கியிருந்த அவர், மறுபடி இடது பக்கக் கதவையே திறந்து உட்கார்ந்தார். முன்னால் ஸ்டியரிங் இல்லை. இறங்கிச் சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். போன லீவுக்குப் பிறகு அவருக்கு அங்கே கடையிலிருந்து டெலிவரி வேனுக்கு மாற்றம். ஒரு வருடமாகத் தினமும் அந்த ஊர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறார். அந்த ஊரில் ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம், எல்லாம் தலைகீழ் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? இண்டிகேட்டர் போடுகிறேன் என்று எதையோ இழுத்தார், வைப்பர் சரக் சரக்கென்று ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தாமலேயே வண்டியை ரோட்டில் ஏற்றினார். ஏற்றியது வலது பக்கத்தில். நடுவில் தடுப்பு இல்லாத இடம் அது. அவர் பாட்டுக்கு நிம்மதியாக, நேராக, எதிர்ப்பக்கத்து வழியில் போய்க்கொண்டிருந்தார்.

எதிரே உப்பு லாரி வந்தது.

லெஃப்ட், லெஃப்ட் என்று நான் கத்தினேன். மாமியார் யா அல்லா என்று என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. லாரி ஹாரன் காதைப் பிளந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். லாரி எங்களை உரசுவது போலப் போனது, அதிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர் சளாரென்று கண்ணாடி முழுக்க அடித்தது. வைப்பர் அதை இரண்டு தள்ளு தள்ளியபோது பார்த்தேன். கார் ரோட்டைக் கடந்து, சரிவில் இறங்கி, முன் சக்கரம் பாத்திக் கரைச் சேற்றில் புதைந்து நின்றிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டாஷ்போர்டில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கித் தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். அவர் முகம் வெளுத்துப்போய் நின்றார். மாமியார் நேராகப் போய், டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சாவியைத் திருகி எடுத்தார். மகனைப் பார்த்து, பின்னாடி போய் உட்காரு என்றார். சாவியை என்னிடம் நீட்டினார்.

நான் உடனே வாங்கவில்லை.

"புடி. ஆனா மெதுவா போ" என்றார்.

முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேகம் காட்டுகிற கடிகாரம் எது என்று கேட்டார். காட்டினேன். இந்த ரோட்டில் எதுவரைக்கும் போகலாம் என்று கேட்டார். எழுபது என்று போர்டில் இருக்கிறது என்றேன். அந்த எண்ணைத் தொட்டுக் காட்டச் சொன்னார். பிறகு மடியிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஆள்காட்டி விரலில் சுண்ணாம்பை எடுத்து, கடிகாரக் கண்ணாடியின் மேல், எழுபதில் இல்லை, அறுபதில், அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். முள் இதைத் தாண்டினால் அந்த இடத்திலேயே இறங்கி நடப்பேன் என்றார். சொன்னால் செய்யக் கூடியவர். அன்றைக்கு வீடு வரும் வரை நான் அந்த வெள்ளைப் புள்ளியைத் தவிர வேறு எதையும் பயந்து பார்க்கவில்லை.

ஏழு சலானையும் கட்டினோம். திண்டிவனம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், வண்டியோடு பதிந்திருந்த போன் நம்பரை என் நம்பருக்கு மாற்றினேன். அங்கே லைசென்ஸை மேசை மேல் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார்கள். கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியை எலக்ட்ரீஷியனிடமே கொண்டுபோய்க் கழற்றச் சொன்னேன். அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பெட்டியைப் பிரித்துக் காட்டினார். இரண்டு விளக்கு, கீச்சென்று கத்த ஒரு சின்னத் துண்டு, கடைக் கதவைத் தானாகத் திறக்கவைக்கும் அலை பட்டால் மட்டும் விழித்துக்கொள்ளும் மலிவான சென்சார் ஒன்று, கனமாக இருக்கட்டும் என்று பசை போட்டு ஒட்டிய ஒரு இரும்புக் கட்டி. ஜாமர் என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லை. இரும்புக் கட்டி மட்டும் நம் ஊர்க் காற்றில் நன்றாகத் துருப்பிடித்திருந்தது.

போன் செய்தவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சுண்ணாம்புப் புள்ளி காய்ந்தால் உதிர்ந்துவிடும், காரைத் துடைத்தால் போய்விடும். அதனால் மாமியார் வண்டியில் ஏறும்போதெல்லாம் புதிதாக வைப்பார். போன ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நிக்காஹ். கிளம்ப நேரமாகிவிட்டது. அவர் முன் சீட்டில் உட்கார்ந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் சுண்ணாம்பை எடுத்துக் கடிகாரத்துக்கு நேராகக் கொண்டுபோனார். ஒரு கணம் நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெதுவாக, கவனமாக, எழுபதின் மேல் வைத்தார்.